எட்டு எம்.எம். மூக்கு

குமுளியில் தமிழ்நாட்டு பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கேரளம். சோதனைச் சாவடியைத் தாண்டுவதற்கு முன்பே தேங்காயெண்ணெயில் நேந்திரங்காய் வறுபடும் வாசனை எதிரே வந்து அழைத்துக்கொண்டு போய்விடும். ஓணத்துக்கு முந்தின வாரம் என்றால் கேட்கவே வேண்டாம். கடைக்குக் கடை வாசலில் வாணலி, பக்கத்தில் குவித்துவைத்த சிப்ஸ், அதற்கும் பக்கத்தில் வெல்லப்பாகில் புரட்டிச் சுக்குப்பொடி தூவிய சர்க்கரை உப்பேரி. அத்தனையையும் தாண்டி நான் போவது ஒரு சின்ன சூப்பர் மார்க்கெட்டுக்கு. கல்லாவில் இருக்கும் சேட்டன் என்னைப் பார்த்ததுமே மேசைக்கு அடியில் குனிவார்.

"சேச்சி, இந்த முறை மூன்று வந்திருக்கிறது."

மூன்று என்றால் மூன்று புதிய பாக்கெட். அட்டையில் ஏதாவது ஒரு மூலையில் நட்சத்திரம் போட்டு 'லிமிடெட் எடிஷன்' என்று எழுதியிருக்கும். பண்டிகைக்கு ஒன்று, மாம்பழக் காலத்துக்கு ஒன்று, கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு ஒன்று என்று பிஸ்கட், வேஃபர், கேக், காலைத் தானியம் எல்லாவற்றிலும் வந்துவிட்டுப் போகிற சுவைகள். எனக்கு இதில் ஒரு பைத்தியம். வாரக் கூலி கைக்கு வரும் சனிக்கிழமையில் இதற்கென்று நூறு ரூபாய் ஒதுக்குவேன். ஓணத்துக்கு மட்டும் இருநூறு. என் வீட்டுக்காரர் இதற்குச் 'சனிக்கிழமைச் சூதாட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறார். அவர் சீட்டு ஆடுவதில்லை, அதனால் பேசுகிறார்.

என் வேலையைச் சொன்னால்தான் இந்தப் பைத்தியம் புரியும். கம்பத்தில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் கிடங்கில் பதினாறு வருடமாகக் காய் தரம் பிரிக்கிறேன். மேலே இடுக்கித் தோட்டங்களில் பறித்த காய், அங்கேயே ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் ஏறக்குறைய இருபது மணி நேரம் மிதமான சூட்டில் உலர்ந்து, சாக்கில் கட்டி இறங்கி வரும். சல்லடையில் சலித்து, எட்டு எம்.எம்.முக்கு மேல் நிற்பதைத் தனியாக, ஏழு எம்.எம்.மில் நிற்பதைத் தனியாக எடுக்க வேண்டும். பிறகு தரையில் உட்கார்ந்து கையால் பொறுக்குவோம். வெடித்த காய், நிறம் போன காய், பூச்சி கடித்த காய் எல்லாம் ஒதுங்கும். ஒரு லிட்டர் படியில் அளந்து எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்த்தால் உள்ளே அரிசி நிறைந்திருக்கிறதா, வெறும் தோலா என்று தெரிந்துவிடும். ஏலக்காய் விதையை நாங்கள் அரிசி என்போம். சூடு கூடிப்போன ஸ்டோரில் காய்ந்த காயைச் சாக்கு அவிழ்க்கும்போதே என் மூக்கு சொல்லிவிடும். முதலாளி அதற்கு 'எட்டு எம்.எம். மூக்கு' என்று பட்டம் கொடுத்தார். கூலி மட்டும் ஏழு எம்.எம்.மிலேயே நிற்கிறது.

ஆக, நாள் முழுக்க என் வேலை, மூடிய காயைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வது. திறந்து பார்த்தால்தான் தெரியும் என்ற ஒரு பொருள் என் கைக்கு வருவது சனிக்கிழமை மாலை மட்டும்தான்.

கிடங்கில் கழித்துப்போட்ட ஒரு பழைய பேரேட்டை வாங்கிவந்து, தின்று முடித்த பாக்கெட்டின் உறையைப் பிரித்துத் துடைத்து அதில் ஒட்டிவைக்கிறேன். பற்று என்ற பத்தியில் விலை, வரவு என்ற பத்தியில் சுவை. இந்த ஓணத்துக்கு முன்பு வரை நாற்பத்தொரு உறை. வரவு பத்தியில் பாதிக்கு மேல் கோடுதான் போட்டிருக்கிறேன்.

இந்த முறை வந்ததில் முதலாவது, கேரளத்துப் பாயசமான அடைப் பிரதமன் சுவையில் ஒரு கிரீம் பிஸ்கட். கம்பெனிப் பெயரை விட்டுவிடுகிறேன். அட்டையில் உருளி, தேங்காய்ப் பால், வெல்லக் கட்டி, நடுவில் பச்சைப் பசேல் என்று மூன்று ஏலக்காய். படத்தில் இருந்த காய் நல்ல காய், அதில் குறை சொல்ல மாட்டேன்.

பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, லோயர் கேம்புக்கு இறங்கும் வளைவுகள் ஆரம்பிப்பதற்கு முன்பே பிரித்தேன். எனக்கு ஒரு முறை உண்டு. முதலில் மூலையில் நகத்தால் சின்னதாக ஒரு கிழி. அதில் மூக்கை வைத்து ஒரே ஒரு மூச்சு. அந்த முதல் மூச்சில் பொய் சொல்ல முடியாது. அன்றைக்கு வந்தது தைலம். மார்ச்சளிக்கு நெஞ்சில் தடவுவோமே, அந்த வாசனை. இதற்குக் காரணம் உண்டு. ஏலக்காய் வாசனையில் இரண்டு பெரிய பங்காளிகள். ஒருவர் சினியோல், யூகலிப்டஸ் எண்ணெயிலும் அவர்தான் தலைவர். இன்னொருவர் டெர்பினைல் அசிடேட், பூவும் இனிப்பும் கலந்த மென்மை அவருடையது. நல்ல காயில் முதலில் மூக்கைக் குளிர்விப்பவர் சினியோல், பின்னால் நின்று மணப்பவர் மற்றவர். இந்தப் பாக்கெட்டில் முன்னால் வந்தவர் மட்டும் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

பிஸ்கட்டைத் திருகிப் பிரித்தேன். உள்ளே வெளிர் பழுப்பில் கிரீம், ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்து பொடியாகியிருந்தது. அதில் ஊசிமுனை அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினேன். ஒரு பிஸ்கட்டில் நான்கு. பின்பக்கம் திருப்பினால் பொடி எழுத்தில் ஏலக்காய்த் தூள் 0.1 சதவீதம். அறுபது கிராம் பாக்கெட்டில் அது 0.06 கிராம். ஒரு கிராமுக்கு நல்ல காய் நான்கைந்து நிற்கும் என்று வைத்தால், மொத்தப் பாக்கெட்டுக்கும் கால் காய் வருகிறது. அட்டைப் படத்தில் மூன்று காய்!

கோபப்பட்டு என்ன செய்வது? விலையும் தெரிந்தவள்தானே நான். முந்தின வருடம் வெள்ளம், அடுத்து வறட்சி என்று தோட்டங்கள் அடிபட்டுக் கிடந்த 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புற்றடி ஏலச் சந்தையில் காய் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது. அந்த வாரம் கிடங்குத் தரையில் சிந்திய காயைக்கூட எண்ணிப் பொறுக்கினோம். கிலோ 2,500 என்று வைத்தாலே ஒரு கிராம் இரண்டரை ரூபாய். பத்து ரூபாய் பிஸ்கட்டில் அதைக் கொட்ட எந்த முதலாளிக்கு மனசு வரும்? தவிர, காயைப் பொடித்து மாவில் போட்டு அடுப்பில் ஏற்றினால் வாசனையில் பெரும்பங்கு ஆவியாகிப் பறந்துவிடும். அதனால்தான் இவர்கள் சுவையை எப்போதும் கிரீமில் வைக்கிறார்கள். கிரீம் அடுப்பைப் பார்ப்பதில்லை. கிரீம் இல்லாத 'ஏலக்காய் பிஸ்கட்' எதையாவது வாங்கினீர்கள் என்றால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பலாப்பழ வேஃபர். இது நன்றாக இருந்தது. பலாச்சுளையை வெல்லத்தில் கிளறிய சக்க வரட்டியை மெல்லிய தகட்டில் தடவியதுபோல, கொஞ்சம் கருகிய வெல்லத்தின் கசப்போடு. பிரித்ததும் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் பையில் எதுவும் பழுத்துவிட்டதா என்று தடவிப் பார்த்தார். பலாதான் தமிழ்நாட்டின் மாநிலப் பழம். கேரளமும் 2018-இல் அதையே தன் மாநிலப் பழமாக அறிவித்துக்கொண்டது. தண்ணீரில் ஒத்துப்போகாத இரண்டு பேரும் சுளையில் ஒத்துப்போயிருக்கிறார்கள் என்று கூடலூர் வருவதற்குள் மொத்தத்தையும் தின்றுவிட்டேன். பேரேட்டுக்கு உறை மட்டும் வீடு வந்தது.

திராட்சை கேக் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. அதைக் குமுளியில் வாங்கவில்லை. கம்பத்திலேயே, எங்கள் தெருமுனையில் வாங்கினேன். கடைக்கு வெளியே தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை குலை குலையாகத் தொங்குகிறது, கடைக்கு உள்ளே 'கோடைச் சிறப்பு' என்று ஊதாப் பாக்கெட்டில் திராட்சை கேக். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று இருபது ரூபாய் கொடுத்து எதை வாங்கினேன் என்று அத்தையிடம் சொல்லவே இல்லை.

அந்தக் கேக்கில் இருந்தது திராட்சை வாசனை இல்லை என்று சொல்ல மாட்டேன். அது வேறு ஊர்த் திராட்சை. மிட்டாய், சோடா, கேக் எல்லாவற்றிலும் திராட்சை என்று போடுகிற அந்த வாசனைக்கு மெத்தில் ஆந்த்ரனிலேட் என்று பெயர். அமெரிக்காவின் கான்கார்ட் திராட்சையில் உண்மையாகவே இருப்பது அது. அங்கே சாறும் ஜாமும் அந்தத் திராட்சையில்தான் என்பதால், அவர்கள் நாக்குக்குத் திராட்சை என்றாலே அந்த வாசனை. உலகம் முழுக்க அதுவே திராட்சை ஆகிவிட்டது. எங்கள் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். மஸ்கட் இனத்தின் வாசனைக்குப் பொறுப்பான லினலூல், ஜெரானியால் இரண்டும் பூக்களிலும் உண்டு, அதிலும் ஜெரானியால் ரோஜாவுக்கு நெருங்கிய சொந்தம். இந்தப் பழத்துக்குப் பன்னீர் என்று பெயர் வைத்த ஆளின் மூக்கு பத்து எம்.எம். இருந்திருக்க வேண்டும். என் மகன் ஏழாம் வகுப்பு, பிறந்ததிலிருந்து இந்தத் திராட்சையில் வளர்ந்தவன். கேக்கைக் கடித்துவிட்டு, "அம்மா, இது இருமல் மருந்து கேக்கா?" என்றான். அவன் மேல் தப்பில்லை. அவனுக்கு அந்தச் சுவையில் தெரிந்த ஒரே பண்டம் அதுதான்.

மூன்றாவது பாக்கெட்டுக்கு வருகிறேன். காலைத் தானியம், குங்குமப்பூவும் பாதாமும். நூற்றுப்பத்து ரூபாய். இருநூறில் பாதிக்கு மேல் அதற்கே போய்விட்டது. வீட்டில் பால் என்றால் காய்ச்சிய பால்தான், அதுவும் அத்தை அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு. பச்சைப்பால் ஊற்றித் தின்பதை அவர் வீட்டுக்குள் அனுமதிக்க மாட்டார். சூடான பாலை ஊற்றினேன். படபடவென்று சின்னச் சத்தம், எண்ணெய் காயும்போது கடுகு யோசிக்குமே, அதுபோல. பாலின் ஓரத்தில் ஒரு மஞ்சள் வளையம் பிறந்து நடுவை நோக்கி நகர்ந்தது. கிண்ணத்தை அத்தை பக்கம் தள்ளி, கரண்டி எடுத்துவரத் திரும்பினேன். அவ்வளவுதான் நேரம். வந்து பார்த்தால் எல்லாம் ஊறித் துவண்டு கிடந்தது.

அத்தை கரண்டியால் ஒரு தரம் கிளறினார். "பால் ஊற்றினால் கஞ்சி, ஊற்றாவிட்டால் பொரி. இரண்டும் நம் வீட்டிலேயே இருக்கிறதே, அம்மா" என்றார்.

அத்தைக்குத் தெரியாது, ஒரு பெரிய கம்பெனியே இந்த இடத்தில்தான் வழுக்கியது என்று. கெல்லாக்ஸ் 1994-இல் இந்தியாவுக்கு வந்தபோது, குளிர்ந்த பாலில் மொறுமொறுப்பாகத் தின்னும் பண்டத்தைச் சுடச்சுடப் பால் குடிக்கிற நாட்டில் விற்கப் பார்த்தது. வீட்டுக்கு வீடு இதே கஞ்சிதான் கிடைத்தது. பிறகு சாக்லேட் தடவிப் பிள்ளைகளைப் பிடித்தார்கள். இன்னும் பிறகு தண்டாய், ரோஜா, கேசர் பிஸ்தா என்று நம்மூர்ச் சுவைகளைக் கார்ன்ஃப்ளேக்ஸில் ஏற்றிப் பார்த்தார்கள். சுவையை மாற்றலாம், அத்தைமார்கள் பால் காய்ச்சுவதை யாரால் மாற்ற முடியும்?

ஆனால் மறுநாள் நான் கிடங்குக்குக் கிளம்பும்போது, அதே அத்தை அந்தத் தானியத்தைப் பால் இல்லாமல் முறத்தில் கொட்டி, காராச்சேவும் கொஞ்சம் வறுகடலையும் கலந்து, கட்டங்காப்பிக்குக் கடித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு கை அள்ளினேன். காரமும் குங்குமப்பூவும் இவ்வளவு ஒத்துப்போகும் என்று அந்தக் கம்பெனிக்கு யாராவது கடிதம் போட்டால் நல்லது. பேரேட்டில் இதற்கு வரவு எழுதினேன். கம்பெனிக்கு இல்லை, முறத்துக்கு.

தானியம் என்றதும் சென்ற வருடக் கூத்து ஒன்று நினைவுக்கு வருகிறது. செக்கச்செவேல் என்று ஒரு பழச்சுவைத் தானியம் வந்தது. மகன் இரண்டு நாள் அதையே தின்றான். மூன்றாம் நாள் காலையில் கழிப்பறையிலிருந்து "அம்மா!" என்று ஓர் அலறல். போய்ப் பார்த்து நானும் அலறினேன். வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியே விட்டார். குப்பைக்கூடையிலிருந்து பாக்கெட்டை எடுத்துப் பார்த்த பிறகுதான் நிறத்தின் மேல் சந்தேகம் வந்தது, மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது. இதில் நாங்கள் முதல் ஆட்கள் இல்லை. அமெரிக்காவில் ஜெனரல் மில்ஸ் 1971-இல் ஃபிராங்கன் பெர்ரி என்று ஒரு இளஞ்சிவப்புத் தானியம் கொண்டுவந்தது. அடுத்த வருடம் 12 வயதுப் பையன் ஒருவனை, ரத்தம் போகிறது என்று பயந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, கடைசியில் சாயம்தான் காரணம் என்று கண்டுபிடித்து, அதை ஒரு மருத்துவ இதழில் கட்டுரையாகவே எழுதினார்கள். சாயத்தை மாற்றிக்கொண்டு அந்தத் தானியம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் இப்போது ஹாலோவீன் என்கிற பேய்த் திருவிழாவை ஒட்டி வருடத்தில் ஒரு பருவம்தான் கடைக்கு வருகிறதாம்.

பருவத்துக்கு மட்டும் வருவதும், ஒரு ஊரில் மட்டும் கிடைப்பதும் பெரிய விற்பனை உத்தி என்று இப்போது பேசுகிறார்கள். முதலாளியின் மகள் ஜப்பானில் படிக்கிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது எனக்கென்று இரண்டு கிட்கேட் பெட்டி கொண்டுவந்தாள். ஒன்று பச்சைத் தேயிலை, இன்னொன்று வசாபி என்கிற காரக் கிழங்கு. அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட சுவைகளில் கிட்கேட் வந்திருக்கிறது. அந்தந்த ஊர்ப் பண்டத்தைச் சுவையாக வைத்து அந்த ஊரில் விற்பார்கள், ரயிலேறிப் போகிறவர்கள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வாங்கிப்போவார்கள். போதாக்குறைக்கு அந்தப் பெயர், ஜப்பானிய மொழியில் 'நிச்சயம் ஜெயிப்பாய்' என்பதுபோல ஒலிப்பதால் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள். வசாபி நான் பயந்த அளவுக்கு இல்லை. வெள்ளைச் சாக்லேட் கரைந்து முடிக்கும் நேரத்தில் மூக்கின் உச்சியில் கடுகுபோல ஒரு சின்ன ஏற்றம், அவ்வளவுதான். தேயிலைதான் பிடித்தது. கசப்பை ஒளிக்காமல் விட்டிருந்தார்கள்.

ஆனால் இந்த உத்தி நமக்குப் புதிதா? கோவில்பட்டி போனால் கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் பால்கோவா, பழனிக்குப் போய் வெறும் கையோடு வந்தால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள். நட்சத்திரம் போட்டு எழுதவில்லை, அவ்வளவுதானே.

இந்தப் பைத்தியத்தில் ஒரே ஒரு மனக்குறை. பேரேட்டில் இருபத்தேழாவது உறை, சுக்கும் வெல்லமும் போட்ட ஒரு மொறு பிஸ்கட். இரண்டு வருடத்துக்கு முன்பு இதே ஓண வாரத்தில் வாங்கியது. தொண்டையில் இறங்கும்போது சுக்கு மெதுவாகச் சூடேற்றும், பின்னால் நிஜமான வெல்லத்தின் உப்பு. முதல் மூச்சிலேயே தேறிய பிஸ்கட் அது. அடுத்த சனிக்கிழமை பெரிய பையோடு போனேன். சேட்டன் கையை விரித்தார். "அது முடிந்தது சேச்சி. இனி வராது." கம்பம், தேனி, நெடுங்கண்டம் என்று போகிற இடமெல்லாம் கேட்டேன். ஒரு கடைக்காரர் அப்படி ஒரு பிஸ்கட்டே கிடையாது என்று சாதித்தார். உறையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாமா என்றுகூட யோசித்தேன். வீட்டுக்காரர், "காணாமல்போன பிள்ளைக்குப் போட்டோ காட்டுவதுபோல இருக்கும், வேண்டாம்" என்றார்.

சரி, அந்த அடைப் பிரதமன் பிஸ்கட் என்ன ஆனது? ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று சேட்டன் இரண்டு பாக்கெட்டாகத் தலையில் கட்டியிருந்தார். மகன் தொடவில்லை. திங்கட்கிழமை காலையில் அத்தை அவற்றைப் பழைய எவர்சில்வர் டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்து என்னைப் பார்த்தார்.

"உன் முந்தானையில் காய் இருக்கிறதா?"

இருந்தது. வெடித்த காயில் தினமும் ஒரு பிடி முதலாளி கொடுப்பது வழக்கம். இரண்டு காயை வாங்கி, நகத்தால் தோலைக் கீறி, பிஸ்கட்டுக்கு நடுவில் செருகி மூடியை இறுக்கினார். தேயிலை டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் அவர் காலம் காலமாகச் செய்வதுதான். கிரீமில் உள்ள கொழுப்பு வாசனையை இழுத்து வைத்துக்கொள்ளும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை மாலை மகன் பள்ளியிலிருந்து வந்து டப்பாவைத் திறந்தான். அடுப்படியில் நின்றிருந்த எனக்கே வாசனை வந்தது. முதலில் குளிர்ச்சி, பின்னாலேயே பூ. நான் போவதற்குள் நான்கு தின்றிருந்தான்.

"இது எப்போது வாங்கியதம்மா? இன்னொன்று வாங்கு."

சனிக்கிழமைக்குள் டப்பா காலி. அடியில் கிடந்த இரண்டு காயையும் தட்டித் தேநீரில் போட்டேன்.